வாழ்த்துக் கோப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீயும் மாமாவும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

எம்.எல்.ஏ.வின் சட்டமன்றப் பேச்சு வீடியோவுக்குக் கீழே நீ எழுதியதைப் பார்த்தேன். “குறை சொல்றவங்க எங்க தொகுதிக்கு ஒரு தடவை வந்து பாருங்க. எங்க அண்ணன் மாதிரி இன்னொருத்தரைக் காட்டுங்க.” நானூறு லைக். அதில் பாதி நாங்கள் போட்டது அக்கா. அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற நாங்கள் ஆளுக்குப் பத்துக் கணக்கு வைத்திருக்கிறோம்.

உன்மேல் தப்பில்லை. முதல் தேர்தலில் அப்பா கூட்டத்துக்கு நாற்காலி சுமந்தார், நீ நோட்டீஸ் கொடுத்தாய். கல் உடைக்கும் ஆலைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் உடைக்க வேண்டும் என்ற சட்டத்தை அந்த மனிதர்தான் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் அப்பா ஆலையிலிருந்து கல் மாவு பூசாத முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

இது அவருக்கு மூன்றாவது முறை. இப்போது அவருடைய முன்னுரிமைப் பட்டியலில் முதலில் முதலீடு, இரண்டாவது முதலீட்டாளர் மாநாடு. அந்தத் தண்ணீர்ச் சட்டத்தை நீக்கும் மசோதாவை அவரே கொண்டுவந்திருக்கிறார். மூன்று வருஷமாகத் தன் தொகுதியிலிருந்து தூசி பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்று சபையில் மார்தட்டினார். நீ புல்லரித்துப்போன பேச்சு அதுதான்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. மனுக்களைப் பிரிப்பது என் வேலை. எங்கள் மேலாளருக்குப் பட்டப்பெயர் ‘பசை’, எம்.எல்.ஏ.வை விட்டுப் பிரியவே மாட்டார். முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்: “முதல் ரெண்டு வரி மட்டும் பாரு தம்பி. வணக்கம், வாழ்த்துன்னு இருந்தா வாழ்த்துக் கோப்பு. திட்டியிருந்தாத்தான் புகார்.” எம்.எல்.ஏ.வுக்கு எழுதுகிற ஏழை யார் திட்டிக்கொண்டு தொடங்குவான்? அரைப் பக்கம் புகழ்ந்துவிட்டு, பயந்து பயந்து கடைசியில்தான் வலியைச் சொல்வான். நான் கடைசி வரைக்கும் போனதே இல்லை. வாழ்த்து, வாழ்த்து என்று முத்திரை குத்தித் தள்ளினேன். ‘மூவாயிரம் மக்கள் வாழ்த்துகள்’ என்று வரவேற்பறையில் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

சபைப் பேச்சுக்கு மறுநாள், ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்ட நல்ல வாழ்த்தாகப் பத்து எடுக்கச் சொன்னார் பசை. அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். அறுபத்தொரு கடிதங்களில் தூசி. அதில் ஒன்று அப்பாவுடையது.

பதினான்கு மாதத்துக்கு முன் வரிசையில் நின்று கொடுத்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை. ‘தங்கள் வெற்றிக்கு நாற்காலி சுமந்த தொண்டன் வாழ்த்தி எழுதுவது’ என்று தொடக்கம். முடிவில், ‘ஆலையில் தண்ணீரை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. நடந்தால் இளைக்கிறது. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவும். என் மகன் தங்களிடம் வேலை பார்க்கிறான், அவனுக்கு இதனால் இடைஞ்சல் வேண்டாம்.’ மூலையில் என் முத்திரை, என் கையெழுத்து.

அப்பாவுக்குச் சளி என்று உன்னிடம் சொன்னது பொய். நுரையீரல் பாதி போய்விட்டது. கல் தூசி என்றுதான் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எம்.எல்.ஏ.விடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, கையெழுத்து அழகா இருக்கே என்றார். “நம்ம குடும்பம்டா. மசோதா முடியட்டும், நல்ல ஆஸ்பத்திரியா பாத்துடலாம்” என்று தோளைத் தட்டினார். அன்றைக்கு இரண்டு முறை குளித்தேன்.

திங்கட்கிழமை சபைக் குழு மசோதாவைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அறுபத்தொரு கடிதங்களையும் எடுத்துவந்துவிட்டேன். கொண்டுபோய்க் கொடுப்பேன். முத்திரை குத்தியவன் நான்தான் என்றும் சொல்வேன். நீ அவரிடம் கெஞ்சி வாங்கித் தந்த வேலை போய்விடும். கட்சிக்காரர்கள் உனக்கே போன் போட்டு என்னைத் துரோகி என்பார்கள். அப்போது நீ எந்தப் பக்கம் பேசுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா இன்னமும், “அண்ணன் கைக்குப் போயிருந்தா சும்மா இருந்திருப்பாரா?” என்கிறார். அது என் கையோடு நின்றுபோயிற்று என்று நீதான் அவரிடம் சொல்ல வேண்டும், திங்கட்கிழமைக்கு முன்பு. நான் சொன்னால் உடனே மன்னித்துவிடுவார். நீ சொன்னால் கொஞ்சமாவது கோபப்படுவார். அந்தக் கோபம் எனக்கு வேண்டும் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி