இடது கைக்கு ஒரு டிராயர்

என்னங்க,

சோறும் குழம்பும் அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வந்தா, ஒழுகுற இடத்தக் காட்டுங்க.

நேத்து நீங்க சமையல்கட்டு டிராயருக்குள்ள பலகைத் தடுப்பு அடிச்சதப் பார்த்துட்டு, "எல்லாம் ஏறுக்குமாறா இருக்கு, பலகைதான் தண்டம்"னு கத்தினேன். நீங்க சுத்தியல எடுத்து வெச்சுட்டுப் போயிட்டீங்க.

இன்னிக்கு விடியுறப்போ கரண்ட் போச்சு. டிராயர இழுத்துக் கைய விட்டேன், டார்ச் தானா வந்து கையில உக்காந்துச்சு. கத்திரிக்கோலத் தொட்டா, பிடி இடது பக்கமாத் திரும்பியிருக்கு. தீப்பெட்டியும் அப்படியே. அப்பதான் உறைச்சுது, அத்தனையும் என் இடது கைக்குன்னு அளந்து செஞ்சது! மெய் சிலிர்த்துப் போய் அந்த இருட்டுலயே நின்னுட்டேன். பெத்தவங்க என் கையத்தான் மாத்தப் பார்த்தாங்க. நீங்க டிராயரையே மாத்திட்டீங்களே!

அதுக்காக உச்சி குளிர்ந்துடாதீங்க. ஹால்ல கிடக்குற மரத்தூள நீங்கதான் பெருக்கணும்.

மறந்துட்டேன்: பீரோ சாவியும் அந்த டிராயர்லதான். வலது கையால துழாவிட்டு என்னைத் திட்டாதீங்க.

இன்னொண்ணு. ஒரு நாளும் இந்த இடது கைக் கஷ்டத்தப் பத்தி நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. நான் தடுமாறினத எப்பங்க பார்த்தீங்க?