மூன்றாவது விண்ணப்பத்தின் முதல் பக்கம்

ராத்தா,

இன்று காலை பர்ஹானா மிஸ் என் கையில் தந்த தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போட்டோக் கொப்பிக் கடையில் அச்செடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தார். அந்தச் சூட்டோடு வரும் மை மணம் மூக்கில் பட்டதும் இன்று சனிக்கிழமை என்று நினைத்துவிட்டேன். முன்னறையில் கதிரைகளை எடுத்துப் போடக்கூடப் போனேன். பிறகுதான் இன்று புதன் என்பதும், நீங்கள் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்துவிட்டது என்பதும் நினைவுக்கு வந்தன.

நீங்கள் போனபிறகு எனக்கு எல்லாவற்றிலும் களைப்பு. சோறு வடிக்கும்போதும் களைப்பு, தூங்கி எழும்பும்போதும் களைப்பு. "இந்த வயசில ஒனக்கு என்னகா களைப்பு?" என்று உம்மா கேட்கிறார். வந்தவர் பர்ஹானா மிஸ் இல்லையென்றால் கதவைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அவருக்கு இது மூன்றாவது விண்ணப்பம். உங்களுக்குத் தெரியும், முதல் இரண்டும் தள்ளுப்பட்டுவிட்டன. நிந்தவூர் வயல்களில் கடல்தண்ணீர் ஏறுவதைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு மண்ணைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கப் பணம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் அவருடைய பதிவும் இந்த வருடத்தோடு முடிகிறது. இதுவும் தள்ளுப்பட்டால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். அனுப்ப நாளை கடைசி நாள்.

"நீ வாசி, நான் கேக்கிறன். மெடம் இரிக்கிற மாதிரியே வாசி" என்றார்.

நீங்கள் இருந்தபோது எப்படி வாசித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சீனி வருத்தம் உங்கள் கண்ணில் இறங்கிப் பார்வை போன பிறகு பல்கலைக்கழகத்துக்கு விரிவுரைக்குப் போவதை நிறுத்தினீர்கள். ஆனால் மேற்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எப்படி எழுதுவது என்று கற்றுக்கொள்ள ஒவ்வொரு சனிக்கிழமையும் நம் முன்னறைக்கு வந்தார்கள். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருப்பீர்கள். அவர்கள் எழுதி வந்ததை வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் எந்நேரமும் வீட்டில் இருந்தேன்.

முதல் நாள் என் குரல் வெளியில் வரவே இல்லை. "எனக்கு மட்டும் வாசி. அவங்க இல்ல எண்டு நினச்சுக்க" என்றீர்கள். நான் உங்கள் தலைமாட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வாசித்தேன். கடைசிவரைக்கும் அப்படியேதான் வாசித்தேன். பாண்டிருப்பிலிருந்து வருகிற கஜன் சேர், "நம்மட ரேடியோ தொடங்கிட்டு" என்பார். திரும்பிப் பார்க்காமல் சிரிப்பேன்.

என்னால் வாசிக்க முடிந்ததற்கு உங்கள் பிடிவாதம்தான் காரணம். விண்ணப்பம் இங்கிலிசில்தான் போக வேண்டும். ஆனால் முதல் பக்கத்தைத் தமிழில் எழுதிக் காட்டாமல் ஒருவரையும் இங்கிலிசைத் தொட நீங்கள் விடவில்லை. "மெடம், இது ரெட்ட வேல" என்று முணுமுணுப்பார்கள். "இங்கிலிசில எழுதினா என்ன சொல்றீங்க எண்டு ஒங்களுக்கே விளங்காது. அதுதான் ஒங்களுக்கு வசதி" என்பீர்கள்.

கரைவலையில் விழும் மீன்பாட்டைப் பற்றிக் கஜன் சேர் எழுதி வந்தது நினைவிருக்கிறதா? "மூன்று தசாப்த கால யுத்தத்தினாலும் சுனாமி எனும் ஆழிப் பேரலையினாலும் சின்னாபின்னமாக்கப்பட்டு, சொல்லொணாத் துயரில் வாடும் எமது மீனவ சமூகம்" என்று நான் வாசித்துக்கொண்டு போக, நீங்கள் விரலைத் தூக்கினீர்கள். விரலைத் தூக்கினால் நான் நிறுத்த வேண்டும்.

"கஜன், மீன் எங்க?"

"அடுத்த பக்கத்தில வருது மெடம்."

"அதுவரைக்கும் மீன் யுத்தத்தில மாட்டிக்கொண்டு நிக்கிதா? இது ஆராய்ச்சிக்கு எழுதின விண்ணப்பமா, வீட்டுத்திட்டத்துக்கு எழுதின மனுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். கஜன் சேரும் சிரித்தார். "எங்கட ஊரில எதுக்கு எழுதினாலும் இப்பிடித்தானே மெடம் தொடங்குவம்" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று அவர்கள் போனபிறகுதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னீர்கள். நான் பிறக்க முன்னர் நடந்தது. கடல் உங்கள் உம்மாவையும் வாப்பாவையும் கொண்டுபோனபிறகு நீங்கள் உங்கள் மாமியான எங்கள் உம்மாவோடு கூடாரத்தில் இருந்தீர்கள். நன்றாக எழுதக்கூடிய பிள்ளை என்று முகாமில் எல்லோரும் உங்களிடம்தான் வந்தார்கள். நிவாரணத்துக்கு, தையல் மெசினுக்கு, தோணிக்கு, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் கடிதம் எழுதினீர்கள். எந்த இடத்தில் அழவைத்தால் எது கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்காக எழுத வேண்டி வந்தபோதும் அதே வசனங்கள்தான் வந்தன. "எங்கட உம்மாட மௌத்த எழுதினன். வாசிச்சுப் பார்த்தா வேற யார்டயோ மௌத்து மாதிரி கிடந்திச்சு. அதுக்குப் பிறகு அந்த மாதிரி எழுதல்ல" என்றீர்கள்.

அது பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் ஓயாமல் சொல்கிற ஒன்றுதான்: "எங்களுக்கு என்ன இல்ல எண்டு எழுதாதீங்க. எங்களுக்கு என்ன தெரியாது எண்டு எழுதுங்க."

இன்னொன்றையும் சொல்வீர்கள். விண்ணப்பத்தை வாசிக்கப்போகிறவர் களைத்துப் போனவர். வேலை முடிந்து வந்து, கட்டுக்கட்டாகக் கிடக்கும் மற்றவர்களுடைய விண்ணப்பங்களை வாசித்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உங்களுடையதை எடுப்பார். "அவரப் பாவம் எண்டு நினச்சு எழுதுங்க" என்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்களுக்கே மூச்சு வாங்கும். இரத்தம் சுத்திகரிக்க ஆசுபத்திரிக்குப் போய்வந்த மறுநாள்களில் கண்ணைத் திறக்கவும் தெம்பிருக்காது. வகுப்பை நிறுத்தச் சொல்லி உம்மா கெஞ்சுவார். "கேக்கிறதுக்குக் கண் என்னத்துக்கு மாமி?" என்று சொல்லிவிட்டுப் படுத்தபடியே கேட்பீர்கள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து நான் குரலைத் தாழ்த்தினால் விரல் எழும்பும்.

இன்று பர்ஹானா மிஸ்ஸின் தாளை எடுத்துக்கொண்டு வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதல் வசனத்தைத் தொடங்கினேன்.

"கடற்கோளினால் பெற்றோரை இழந்து, பார்வையையும் இழந்து, இறுதி மூச்சுவரை எம்மை வழிநடத்திய எனது பேராசான் அண்மையில் எம்மை விட்டுப் பிரிந்த பேரிழப்பின் மத்தியில்"

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. பின்னால் பர்ஹானா மிஸ் அழுகிற சத்தம் கேட்டது. பல்கலைக்கழகப் பீடத்தில் யாரோ சொன்னார்களாம்: வழிகாட்டி இறந்ததை முதல் பக்கத்திலேயே போடு, இரக்கப்பட்டுத் தருவார்கள் என்று.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. இன்றும் அப்படித்தான் இருந்தது. பேசாமல் வாசித்து முடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவு களைப்பு. ஆனால் அந்த வசனத்தில் இருந்தது நீங்கள் இல்லை ராத்தா. வேறு யாரோ ஒருவர் மௌத்தாகியிருந்தார்.

"மிஸ், இத எனக்கு வாசிக்க ஏலா" என்றேன்.

"ஏன்? பிழையா?"

"பிழையில்ல. ஆனா இதில தெரியாதது ஒண்டுமில்லயே. ராத்தா மௌத்தாகிட்டாங்க எண்டு எல்லாருக்கும் தெரியும்."

அவர் எழும்பி என் கையிலிருந்த தாள்களைப் பறித்தார். "நீ என்ன படிச்சிரிக்காய் எண்டு எனக்குச் சொல்லித் தாறாய்? ரெண்டு தரம் நான் மெடம் சொன்ன மாதிரித்தானே எழுதினன். கிடச்சுதா? நாளைக்கு இது போகல்லண்டா எனக்கு எல்லாம் முடிஞ்சு. ஒனக்கு என்ன?"

எனக்கு ஒன்றுமில்லை என்பது உண்மைதான். அவர் வெளியில் போய் வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ளைக்கி என்னத்தச் சொன்னாய்?" என்று என்னை ஏசினார். பிறகு தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பர்ஹானா மிஸ் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அப்ப எத எழுதச் சொல்றாய்?"

எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அப்படியானால் மெடம் எதைக் கேட்டுச் சந்தோசப்பட்டாரோ, அதையாவது சொல் என்றார். யோசித்தேன். இவருடைய இரண்டு விண்ணப்பங்களையும் நான் வாசித்தபோது நீங்கள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஒரேயொரு தடவை கட்டிலில் எழும்பி உட்கார்ந்தீர்கள். அன்று வகுப்பு முடிந்து, இவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று செருப்பைப் போட்டுக்கொண்டே வாப்பாவின் வயலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்.

"ஒங்கட வாப்பாட வயலில ஒரு துண்டு இரிக்கி எண்டு சொன்னீங்களே மிஸ். சுத்திவர எல்லாம் உப்புக்கு எரிஞ்சு போயும் அது மட்டும் பச்சையா நிக்கிது எண்டு."

"ஓ, அதா. வாப்பா அது அல்லாஹ்ட பறக்கத்து எண்டு சொல்லுவார்."

"அதுக்கு ராத்தா ஏன் எண்டு கேட்டாங்க. நீங்க தெரியாது எண்டு சொன்னீங்க. அப்பதான் ராத்தா எழும்பி இருந்தாங்க."

"அது எங்கட வீட்டுக் கத புள்ள. அத எப்பிடிக் கொழும்புக்கு எழுதுற?" என்றார். சொல்லிவிட்டு வெறும் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எனக்குச் சமையல் இருந்தது. நடுவில் ஒரு தடவை அவருடைய வாப்பாவுக்கு போன் எடுத்து, அந்தத் துண்டுக்கு எந்தப் பக்கத்தால் தண்ணீர் வருகிறது, முன்னே அதில் என்ன போட்டிருந்தார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன மகள், காணிய விக்கப் போறாயா?" என்று அந்தப் பக்கம் அவர் கேட்பது குசினிவரைக்கும் கேட்டது.

நான் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். வெட்டிக் கொத்திய எழுத்து. அதில் சுனாமி இல்லை. நீங்களும் இல்லை. கடல்தண்ணீர் வந்து எல்லா வயலும் எரிந்த வருடத்தில் ஒரு வயலில் ஒரு துண்டு மட்டும் விளைந்தது, அது ஏன் என்று எங்களுக்குத் தெரியாது என்று தொடங்கியிருந்தது.

வாசித்தேன். எங்கும் நிற்கவில்லை. முடிந்ததும் தாளை மடியில் வைத்தேன். வாசித்து முடித்தால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குத்தான் காத்திருந்தோம் என்பது சற்றுப் பிந்தித்தான் எனக்கு விளங்கியது.

"என்னகா, ஒண்டும் சொல்றாயில்ல?" என்றார் பர்ஹானா மிஸ்.

சுவரைப் பார்த்தபடியே, "அது ஏனெண்டு எனக்குத் தெரியவேணும் போல இரிக்கி" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். இரவுக்குள் இங்கிலிசில் எழுதி நாளைக்கு அனுப்புவார். கிடைக்குமா என்று தெரிய மாதக்கணக்காகும். கிடைக்காமலும் போகலாம்.

பின்னேரம் முற்றம் கூட்டும்போதும் நான் அந்தத் துண்டையே நினைத்துக்கொண்டிருந்தேன் ராத்தா. அது மேடா, பள்ளமா, அதற்குக் கீழே நல்ல தண்ணீர் ஊறுகிறதா, முன்பு அந்த இடத்தில் மரம் ஏதும் நின்றதா என்று. களைப்பு போகவில்லை. ஆனால் நீங்கள் போனபிறகு நான் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பியது இன்றைக்குத்தான்.