படிப்பு முடிகிற நேரத்தில் வாங்கிய வண்டி

சங்கரன்கோவில்,
16.2.2025

அன்பு மகள் விஜிதாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் சத்தம்தான் வருகிறது, நீயும் கட் செய்துவிடுகிறாய். அன்றைக்குக் கட் செய்தவள் அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். நான் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேப்பரில் ஒரு வரி ஏறுவதில்லை. கடிதத்தை நீ கட் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கு முன்னால் படித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

தை மாதம் முழுக்க முகூர்த்தம் என்பதால் நம் பாத்திரக் கடையில் வியாபாரம் பரவாயில்லை. பூ மார்க்கெட் பக்கம் போனால் மல்லிகை விலை கேட்டுத் தலை சுற்றுகிறது, இருந்தாலும் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊரில் உள்ள பெண்பிள்ளைகளுக்கெல்லாம் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பெயர் வெட்டியது பரணில் தனியாக இருக்கிறது. போன வாரம் ஒரு அம்மாள் அதிலிருக்கிற பித்தளை அண்டாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், பெயர் வெட்டியாகிவிட்டது, விற்கிறதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். நாகர்கோவிலில் அக்கா ஜாய்ஸும் பிள்ளையும் நலம், பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வந்து போய்விட்டது. அம்மா சுகர் மாத்திரையை ஒருநாள் போடுகிறாள், ஒருநாள் மறக்கிறாள், கேட்டால் என் மேல் எரிந்து விழுகிறாள்.

இனி அந்த வண்டி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ போட்டோ அனுப்பினாயே, சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன பைக், பக்கத்தில் நீ ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நெருக்கமாகப் போட்ட இரண்டு கோட்டுக்குள் கால் தரையில் படாமல் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், முதல் தடவை காலை ஊன்றி ஃபெயில் ஆகிவிட்டேன், அடுத்த தடவை பாஸ் என்று நீ சொன்னதைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். அங்கே வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து ரோட்டில் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தாலும் உன் நினைப்புதான். உன் அம்மா அந்தப் போட்டோவைப் பூக்காரி வரைக்கும் காட்டிவிட்டாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நம் சபையில் அசனம் வைக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து உன் பேரில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டுவிட்டாள். அசன நாள் என்றால் உனக்குத் தெரியாததா, சாப்பாட்டுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து கோவில் நிறைந்திருக்கும். செயலாளர் மைக்கைப் பிடித்து, பிள்ளை பிறந்ததற்கு, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு என்று வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவர், தைவான் தேசத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் நமது சபையின் மகள் விஜிதா மோட்டார் சைக்கிள் வாங்கக் கிருபை செய்ததற்காக என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். சிறுபிள்ளைகள் எல்லாம் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தன. அம்மா தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் என்றால் காணிக்கை போடவேண்டும், காணிக்கை போட்டால் காரணத்தை எழுதவேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் சிவகிரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தது அவள் கண்ணில் படவில்லை.

சிவகிரிக்காரர்கள் என்றால் உனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தியும். நீ ஜூன் மாதம் படிப்பை முடித்துக்கொண்டு வந்துவிடுவாய், இந்தப் பக்கம் ஏதாவது காலேஜில் வேலைக்குச் சேருவாய் என்று சொல்லித்தான் அந்தப் பேச்சு நடந்தது, நீயும் அப்போது சரி என்றுதான் சொன்னாய். அசனச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு பஸ் ஏறிப் போனார்கள். அந்த வாரமே, வரனைக் கொண்டுவந்த தங்கப்பழம் அண்ணாச்சி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, “அவங்க வேண்டாங்காவ” என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பொம்பளைப்பிள்ளை வண்டி ஓட்டினால் என்ன கேடு, இந்த ஊரில் ரதவீதியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், வண்டி ஓட்டாத பிள்ளை எது என்று கத்தினேன். நான் கத்தி முடித்த பிறகு அவர் சொன்னார், “ஓட்டுனதுக்கு இல்ல வே, வாங்குனதுக்கு. இன்னும் நாலஞ்சு மாசத்துல படிப்ப முடிச்சிட்டு ஊருக்கு வாரவ இப்பம் போயி எதுக்கு வண்டி வாங்குதா? அந்தம்மா ஒரே கேள்விதான் கேட்டா. உமக்குப் பதில் தெரிஞ்சாச் சொல்லும்.” பஸ் வசதி இல்லை, லேபுக்குப் போக நேரம் ஆகிறது, மழை பெய்கிறது என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வண்டியை உனக்கு விற்றது யார்? உன்னோடு படித்த இந்தோனேசியப் பெண். எதற்கு விற்றாள்? படிப்பு முடிந்தது, வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறாள் என்று நீயே அம்மாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய். ஊருக்குப் போகிறவள் விற்கிறாள். என் மகள் வாங்குகிறாள். காலமெல்லாம் கடையில் உட்கார்ந்து, குடித்தனம் வைக்கிறவர் என்ன வாங்குவார், காலி செய்கிறவர் எதைப் பழைய விலைக்குப் போடுவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுகிறவன் நான், என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியவில்லை. சிவகிரியிலிருந்து வந்தவள் ஒரு காணிக்கை அறிவிப்பில் தெரிந்துகொண்டு போய்விட்டாள். அந்த வரன் போனதில் எனக்கு ஒரு துளியும் வருத்தம் இல்லை விஜிதா, அதை நீ நம்பவேண்டும். அன்று சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, ஜூன் மாதத்துக்கு இப்போதே டிக்கெட் போட்டால் குறைவாக இருக்குமாமே, போடட்டுமா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் “பாக்கலாம்ப்பா” என்றாய். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயம். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய். அதனால்தான் ஹெல்மெட் சரியில்லை, செகண்ட் ஹேண்ட் வண்டி, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கண்டதையும் பிடித்து, நீ கட் செய்கிற வரைக்கும் கத்தினேன். ஹெல்மெட்டுக்காக ஒரு மனுஷன் அப்படிக் கத்துவானா, நீயே யோசித்துப் பார்.

மழையில் நீ விழுந்த கதையை இந்த வாரம் ஜாய்ஸ் சொல்லித்தான் தெரியும். சாலையில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டில் டயர் வழுக்கி, முழங்காலில் தையல் போட்டிருக்கிறது என்றாள். வீடியோவில் பேசும்போது கழுத்துக்கு மேலேயே காட்டிக்கொண்டிருந்ததன் காரணம் இப்போது புரிகிறது. என்னிடம் சொல்லாததற்கு நான் கோபிக்க முடியாது, சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியும். ஆனால் ஜாய்ஸ் இன்னொன்றும் சொன்னாள். ரோட்டில் போனவர்கள் உன்னைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாள் அந்த வாரம் முழுக்க உனக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், உன் கூட வேலை செய்கிற பிள்ளைகள் வண்டியைச் சரிசெய்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள் என்று. கேட்டதும் அந்த அம்மாளுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லவேண்டியவன் நான். சொல்ல வரவில்லை, எனக்கு வயிறு எரிந்தது. கீழே விழுந்தாலாவது அப்பா அம்மா நினைப்பு வரும், வந்துவிடுவாய் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருக்கிறேன் போல. பெற்றவன் நினைக்கிற நினைப்பா இது? நீ விழுந்து எழுந்து, தையல் பிரித்து, மறுபடியும் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று கேட்ட பிறகு எனக்கு நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ விழுந்ததும் தெரியாது, தங்கப்பழம் அண்ணாச்சி சொன்ன பேச்சும் தெரியாது. ஜாதகம் பார்க்காவிட்டாலும் நம் ஆட்களுக்கு வேறு ஆயிரம் குறை கண்ணில் படும் என்று சொல்லி வரன் தட்டிப்போனதைச் சமாளித்துவிட்டேன். அவள், போனால் போகட்டும், பிள்ளை வந்த பிறகு நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறாள். நேற்றுக் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அட்டைப்பெட்டி, பழைய பானை, காலி சிலிண்டர் எல்லாவற்றையும் முற்றத்தில் இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. என்ன இது என்று கேட்டால், “அவ வண்டிய எங்கன நிறுத்துவா? வெயில்ல கெடந்தா பெயிண்ட் போயிராதா?” என்கிறாள். தைவானிலிருந்து வண்டி எப்படி வரும் என்று கேட்டேன். “கப்பல்ல போட்டா வராதாக்கும்? கார் எல்லாம் வருது, இது சின்ன வண்டிதான?” என்று என்னைத்தான் முட்டாளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது விஜிதா, அவள் அந்த ஈரத் தரையைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், என்னால் முடியவில்லை.

ஆகையால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வா என்று கேட்கவில்லை. கேட்டு நீ வந்து, அந்த வண்டியை விற்ற முகத்தோடு இந்த வீட்டில் நடமாடுவதை என்னால் பார்க்க முடியாது. அங்கே மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதோ, வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயோ, எதுவானாலும் நீ முடிவு செய்துவிட்டாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அம்மாவிடம் நீ உன் வாயால் சொல்லவேண்டும். வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்றே சொல். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே, உன் அம்மா தன்னிடமும் நீ சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீட்டையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அழுவாள். சாப்பிடமாட்டாள். உன்னைத் திட்டமாட்டாள், என்னைத்தான் திட்டுவாள், அது எனக்குப் பழக்கம்.

மழை பெய்தால் வண்டியை எடுக்காதே, எடுத்தே தீரவேண்டும் என்றால் அந்த வெள்ளைக் கோட்டில் பிரேக் போடாதே. ஹெல்மெட்டைத் தலையில் வைத்தால் மட்டும் போதாது, தாடைக்குக் கீழே வாரை மாட்டிக்கொள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே. அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு என் நன்றியைச் சொல், இப்போது சொல்ல வருகிறது. நீ போகிற வழியெல்லாம் கர்த்தர் உன் கூடவே வருவாராக. திரும்பி வருகிற வழிக்கும் சேர்த்து எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம், எழுதிப் பார்த்தேன், மேலே கோடு போட்டு அடித்திருக்கிற வரி அதுதான்.

மறந்துவிடாதே, அம்மாவிடம் சொல்லப்போகிற அன்றைக்கு முன்கூட்டியே எனக்கு ஒரு மெசேஜ் போடு. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

உன் அப்பா,
ஜெ. ஜெயசிங்