பதினோரு மணிக்குத் தெளியும்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள கிருபை,

நாம் இருவரும் ஓய்வுபெற்ற நாளில், ஸ்டாஃப் ரூமில் மாலையைக் கழற்றிக்கொண்டே நீ ஒரு கேள்வி கேட்டாய். "என்மேல உனக்கு எப்பவாவது பொறாமை வந்திருக்கா செங்கொடி?" சீ, போ என்று சொல்லிவிட்டு உன் தட்டில் இருந்த மிக்சரை எடுத்துத் தின்றேன். இப்போது நீ கடல் தாண்டிப் போய்விட்டதால் தைரியமாக எழுதுகிறேன். வந்திருக்கிறது. தினமும் பன்னிரண்டரை மணிக்கு வந்திருக்கிறது. சாத்தாங்காட்டு இரும்புக் கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, உன் வீட்டுக்காரர் சாலமோன் அண்ணன் உனக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்து பள்ளிக்கூட கேட்டில் நிற்பாரே, அந்த நேரத்துக்கு.

என் வீட்டுக்காரர் சுப்பராயன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அவர் நின்ற கோலத்தைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று வாட்ச்மேன் பின்பக்கமாகக் கூட்டிப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டார். சரி, விடு. அவர் போயும் எட்டு வருஷம் ஆகிறது.

உன் மகள் பெனிஷா வீடு உனக்கும் அண்ணனுக்கும் வசதியாக இருக்கிறதா? அமெரிக்காவிலும் உனக்குக் கடல் பக்கத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே மாடியில் துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது. அங்கே கைக்குட்டைகூட வெள்ளையாகவே இருக்கும். போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, நான் கத்தினால் தெருவுக்கே கேட்கிறது. நமக்குக் கடிதம்தான் சரி. எழுது.

உன்
செங்கொடி


சாண்டியாகோ
11 மே 2025

அன்புச் செங்கொடிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இத்தனை வருஷம் சாப்பாட்டு நேரத்தில் நீ என்னை முறைத்ததற்குக் காரணம் இன்றுதான் தெரிந்தது. நான் செய்த புளிக்குழம்பு வாசனைக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

பேரன் நடக்கிறான். தேங்காய் கிடைக்கிறது, நல்ல கருவாடு கிடைக்கவில்லை.

பெனிஷாவிடம்கூடச் சொல்ல முடியாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். இங்கே காலையில் எழுந்தாலே மப்புதான். பதினோரு மணிக்குத்தான் தெளிகிறது. சில நாள் மத்தியானமும் ஆகிவிடுகிறது. மூன்று வாரமாக ஒரு நாள்கூட மாறவில்லை. இவர் இப்படி ஆவார் என்று நான் நினைத்ததே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். காபி ஆறிப்போகிறது. கடைப் பேச்சை எடுத்தால் கண் கலங்குகிறது.

நீ இதையெல்லாம் தாண்டி வந்தவள். காலை நேரத்தை எப்படிச் சமாளித்தாய் என்று எழுது. யாரிடமும் சொல்லாதே.

உன் அன்பு
தேவகிருபை


காலடிப்பேட்டை
29 மே 2025

அன்புள்ள கிருபை,

கடிதம் கிடைத்தது. மனசை விட்டுவிடாதே. எல்லா வீட்டுக்கும் இது ஒரு நாள் வருகிறது. உன் வீட்டுக்குத் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாட்டிலைத் தேடி எடுத்துக் கொட்டாதே. நான் ஒரு வருஷம் கொட்டிப் பார்த்தேன். வகுப்பில் பம்பரத்தைப் பிடுங்கினால் மறுநாள் பிள்ளை இரண்டு பம்பரத்தோடு வருவான் இல்லையா, அந்தக் கதைதான். தெளியாத நேரத்தில் புத்தி சொல்லாதே. மோர் கொடு. மருமகனுக்குத் தெரியாமல் மறைக்கவும் பார்க்காதே, மறைக்கும் வேலை நம்மைத்தான் தின்னும். அண்ணனைப்போல ஒரு மனுஷரே இப்படி ஆனால் சுப்பராயனை நான் என்ன குறை சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் பள்ளிக்கூட ஆயா தாயம்மாவிடம் மட்டும் சொன்னேன். உன்மேல் பாசமாக இருப்பவள்.

உன்
செங்கொடி


சாண்டியாகோ
15 ஜூன் 2025

செங்கொடிக்கு,

நான் எழுதியது வானத்தைப் பற்றி.

இந்த ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை காலையில் கடலிலிருந்து மேகம் வந்து மூடிக்கொள்கிறது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாற்பது வருஷம் வெயிலில் இரும்பு நிறுத்த மனுஷர் அந்த மூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருண்டுவிட்டார். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு நீயும் மாதக்கணக்கில் காலையில் எழுந்திருக்காமல் கிடந்தாயே, அதிலிருந்து எப்படி வெளியே வந்தாய் என்றுதான் கேட்டேன்.

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே கடைக் கூட்டாளி இசக்கிப்பாண்டியின் போன் வந்துவிட்டது. தாயம்மாவின் மகன் வல்லரசு அங்கே லோடு ஏற்றுகிறான் என்பது உனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கே கேட்டது. "என்ன அண்ணாச்சி, இந்த வயசுல காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியளாமே. பயலுவ பேசிக்கிடுதானுவ." வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். போனை வைத்துவிட்டு, யாருக்கு என்ன எழுதினாய் என்று என்னைக் கேட்டார். செங்கொடிக்கு மட்டும்தான் எழுதினேன் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் தூத்துக்குடியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த முதல் மாதம், இன்றைக்கு மப்பாக இருக்கிறது என்று வகுப்பில் சொல்லப்போய், "யாருக்கு டீச்சர்?" என்று ஒருவன் கேட்டு வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டு வந்த எனக்கு, அந்த வார்த்தைக்கு உங்கள் ஊரில் இரண்டு அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தவள் நீ. உனக்கு எப்படித் தப்பியது?

தேவகிருபை


காலடிப்பேட்டை
3 ஜூலை 2025

அன்புள்ள கிருபை,

எனக்குத் தப்பவில்லை.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது வானம் என்றுதான் புரிந்தது. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு வேறென்ன புரியும். டீ போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் தடவை படித்தேன். அப்போது மற்ற அர்த்தமும் அங்கே இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போது, பிடித்த பிள்ளையின் கிறுக்கலைச் சரியாக 'ண' என்றே படிப்போம். பிடிக்காத பிள்ளை அதே கிறுக்கலை எழுதினால் 'ன' என்று சுழித்துவிடுவோம். உன் கடிதத்தை நான் அப்படித்தான் திருத்தினேன்.

உன் வீட்டிலும் ஒரு ஆள் தெளியாமல் கிடக்கிறார் என்றதும், நீ முதல் தடவையாக என் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அன்றைக்கு நான்கு இட்லி சாப்பிட்டேன். எப்போதும் இரண்டுதான். தாயம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது அதுவும் சுகமாக இருந்தது.

நேற்று சாத்தாங்காட்டுக்குப் போனேன். இசக்கிப்பாண்டி நாற்காலி போட்டார், உட்காரவில்லை. லோடு ஏற்றுகிறவர்களையும் கூப்பிடச் சொன்னேன். அண்ணன் குடிப்பதில்லை, நான்தான் இல்லாததைச் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். வல்லரசுதான் தலையைச் சொறிந்துகொண்டே, "இன்னா டீச்சர், நீங்களே இப்டி பேஜாரு பண்ணிட்டீங்களே" என்றான். இசக்கிப்பாண்டி அண்ணனிடம் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதற்கு இப்போதாவது பதில் எழுதுகிறேன். சுப்பராயன் போனது கார்த்திகையில். ஒரு மாதம் வானம் மூடியே கிடந்தது. புகையும் மேகமும் சேர்ந்து மொட்டைமாடி உயரத்துக்கு இறங்கியிருந்தது. விடிந்ததும் ஜன்னலைப் பார்ப்பேன். இருட்டாக இருந்தால், இன்னும் பொழுது விடியவில்லை என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். அப்படி ஒரு நாள் கிடந்தபோது நம் பத்தாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. மழை நாளில் லைட்டைப் போட்டாலும் கடைசி பெஞ்சுக்குப் புத்தகம் தெரியாது. வராந்தாவுக்குக் கூட்டிப்போனால் அட்லஸில் இருக்கும் சின்ன ஆற்றின் பெயரைக்கூடப் படிப்பார்கள். எத்தனை மூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் அறைக்குள் இருக்காது. வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதால்தான் அது அவ்வளவு இருட்டாகத் தெரிகிறது. அன்றைக்கு நானே பால் வாங்கப் போனேன். பால்காரரோடு விலை பேசி நின்றதில் அரை மணி நேரம் வெளியே இருந்திருக்கிறேன். மறுநாளும் போனேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாவிட்டால் அது நியாயம்தான். அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சொல்ல மனம் வராவிட்டால் விட்டுவிடு. எனக்கு அன்று யாரும் துணைக்கு இல்லை, தனியாகத்தான் எழுந்து போனேன். உனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறார். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

நாளைக் காலையில் தெளியட்டும் என்று காத்திருக்காமல், வாசலுக்கு வெளியே இரண்டு நாற்காலி போட்டு, அவருடைய காபியை அங்கே வைத்துவிட்டு, அவரைக் கூப்பிடாமல் நீ போய் உட்கார்.

செங்கொடி