விசைக்கு மேலே ஒரு விரல்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பின்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று. பூட்டுப் போட வந்தவரின் வான் வண்டி இலக்கத்தை என் கணவர் சமையலறைக் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். நேற்றுப் பார்சல் கொண்டுவந்தவனின் இலக்கமும் அங்கே இருக்கிறது.

களவு நடந்து பதினொரு நாள். பட்டப்பகலில் வந்து நகையை எடுத்துப் போனார்கள். நான் வேலையில். இவர் காலை ஷிப்ட் முடித்து மேலே படுத்திருந்தார். கீழே சத்தம் கேட்டதும் அறைக்கதவை உள்ளிருந்து தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பொலிசுக்கு அதை இரண்டு தடவை சொன்னார். எனக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

துவக்கு வாங்கப்போகிறாராம், வேட்டைத் துப்பாக்கி. லைசென்ஸ் எடுத்து, சட்டப்படி. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

யோசனை கஸ்பருடையது. பெற்றோல் ஸ்டேஷனில் இவரோடு வேலை செய்பவர்; லீவு நாளில் எசெக்ஸ் பக்கம் போய், மேலே எறியும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர். சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"அக்கா, ஃபோமில கள்ளனுக்கு எண்டு மட்டும் எழுத விட்டிடாதேங்கோ. பாதுகாப்புக்கெண்டு இஞ்ச துவக்குத் தரமாட்டாங்கள். தட்டுச் சுடுற விளையாட்டுக்கு எண்டு எழுதச் சொல்லுங்கோ."

"அப்ப கள்ளன் வந்தால் தட்டையோ எறியிறது?"

கஸ்பர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "நீர் அண்டைக்கு வீட்டில இல்லை," என்றார்.

உண்மைதான். ஆனாலும் படிவத்தில் ஒன்று, மனதில் ஒன்று. கவுன்சிலில் வீடு கேட்டு எழுதுகிறவர்களின் விண்ணப்பங்களைப் பத்தொன்பது வருடமாகச் சரிபார்க்கிறேன். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சம்பளமே இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

சுடும் மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஈரப் புல். ஒவ்வொரு வெடிக்கும் காதைப் பொத்தினேன்.

புதிதாகப் பழக வந்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் துவக்கை வாங்கியதும் விரலை விசையில் வைத்தார்கள். பயிற்றுநர் ஒவ்வொருவராகத் திருத்தினார். இவருடைய விரல் விசைக்கு மேலே, நீட்டியபடி, இரும்போடு ஒட்டி இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழல் நிலத்தைப் பார்த்திருந்தது. சுடுமுன் ஒருமுறை திரும்பி, பின்னால் யார் யார் நிற்கிறோம் என்று பார்த்தார்.

இவருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார் பயிற்றுநர்.

காரில் கேட்டேன். "யூடியூப்பில பாத்தனான்."

மார்ச் 24

இவர் யூடியூப்பில் பார்ப்பது பழைய கிரிக்கெட் மட்டும்.

மார்ச் 29, சனி

இவர் வேலைக்குப் போனபின் அலுமாரிக்கு மேலே இருந்த பழைய கோப்பை இறக்கினேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் இறக்கினேன்.

1997இல் குரோய்டனில் அகதி விசாரணைக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி. எங்கள் கலியாணத்துக்கு நாலு வருடம் முந்தியது. "ஆயுதம் எதையும் நான் தொட்டதில்லை. தொட மறுத்ததாலேயே நாட்டை விட்டு வெளியேறினேன்." சட்டத்தரணி அதன் கீழே கோடு போட்டிருக்கிறார். இந்த வரியை நம்பித்தான் இவரை இங்கே இருக்க விட்டார்கள்.

எனக்குச் சொன்னதும் இதேதான். இதே வார்த்தைகள், இதே ஒழுங்கு. பட்டதைச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். பாடமாக்கியதைத்தான் இப்படிச் சொல்லலாம். இன்னொருவரின் விண்ணப்பமாக என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருப்பேன். இது எனக்கு ஏன் அப்போது படவில்லை?

ஏப்ரல் 6, ஞாயிறு

துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியை மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். லைசென்ஸ் வரவில்லை, அலுமாரி வந்துவிட்டது. விதிகளை எனக்கு வாசித்துக் காட்டினார். சாவி எங்கே என்று மனைவிக்கும் தெரியக்கூடாதாம்.

இவருடைய தங்கை கலாவதி போனில்:

"அண்ணி, அது சும்மாதானே கிடக்கு. என்ர தாலிக்கொடியையும் காப்பையும் அதுக்குள்ள வைக்கட்டே?"

"களவு போன வீட்டிலயோ?"

"இனி ஆர் வரப்போகினம்? அண்ணைக்குத் துவக்கு வருகுதெண்டு ஆர்ச்வே கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டன்."

கோயில் முழுக்க. முருகனுக்கும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

லைசென்ஸ் விஷயமாகப் பொலிசிலிருந்து கடிதம். மே ஆறாம் திகதி ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். என்னோடு தனியாகவும் பேசுவாராம்.

துவக்கு வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டால்? விரலைப் பற்றிச் சொன்னால் அது குரோய்டன் வரை போகும். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பறிக்க முடியும் – எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் துவக்கு வீட்டுக்குள் வரும், பிடிக்கத் தெரிந்த ஒருவரின் கைக்கு. அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

இவரிடமே கேட்டால்?

கேட்டால் பதில் வருமே.

மே 6, செவ்வாய்

வந்த அதிகாரி என் வயதுப் பெண். இவரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு என் எதிரே இருந்தார்.

மைதானத்தில் பழகுவதற்கு முன் எப்போதாவது இவர் துவக்கைக் கையாண்டிருக்கிறாரா?

இல்லை என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் துவக்கு இருப்பது எனக்குச் சம்மதமா?

யோசிக்கவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இவர் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "என்ன கேட்டவ?"

"முந்தி எப்பவாவது துவக்குத் தூக்கினவரோ எண்டு."

"என்ன சொன்னனீர்?"

"இல்லை எண்டனான்."

பின்கதவைச் சாத்தினார்.

"ஏனப்பா பொய் சொன்னனீர்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் கேட்டது என்ன என்று இவருக்கு விளங்கியது. உட்காரக் கை கதிரையைத் தேடியது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இருபத்திநாலு வருசம்! கலியாணமாகி இருபத்திநாலு வருசமாய் இவர் என்னை என்னவெண்டு நினைச்சவர்?

மே 11, ஞாயிறு

விண்ணப்பத்தைத் திருப்பி எடுப்பதாகக் கடிதம் போட்டுவிட்டார். நான் சொல்லவில்லை. கஸ்பரிடம் தனக்குத் தோள்மூட்டு வலி என்று சொன்னாராம். எனக்குச் சொன்னது வேறு.

"இயக்கத்தில பதினெட்டு மாசம் துவக்கு வைச்சிருந்தனான். பிறகு போட்டிட்டு ஓடி வந்திட்டன். அண்டைக்கு மைதானத்தில கையில வாங்கினவுடனை… களவுக்குப் பிறகு இருந்த பயம் அப்பிடியே போயிட்டுது. சந்தோசமா இருந்தது. அந்தச் சந்தோசத்தை எனக்குத் தெரியும். அதோட இருக்கேக்க வாசலில ஆர் நிண்டாலும் கள்ளன்தான்."

பதினெட்டு மாதம்தானா? எங்கே? இயக்கமே கட்டாயப்படுத்தியதா, தானாகப் போனாரா? திகதிகளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முழுக்க நம்புகிறேன் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் இந்த முறை ஒரே கதையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, இயக்கத்தில் தன்னை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்று சொன்னார். நான் கேட்காமலே.

அதை இங்கே எழுதமாட்டேன்.