அவசர எண் ஒன்று

அன்புள்ள திருகாணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதும் நிலைமைக்கு நேற்று மாலை நாலரை மணிக்குத்தான் வந்தோம். அதற்கு முந்தைய பதினோரு நாளைப் பற்றி நீ கேட்காதே. கேட்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

நாலரை மணிக்கு உன் பண்ணைக்கார நண்பன் போன் செய்தான். தொட்டி வாங்க டவுனுக்கு இறங்கினானாம். "அவன் எங்கிட்டதாம்மா இருக்கான், நல்லாத்தான் இருக்கான். சாப்பிடுறான், தூங்குறான், கன்னுக்குத் தண்ணி ஊத்துறான். கம்ப்யூட்டர்னு பேச்செடுத்தா மட்டும் எழுந்து போயிடுறான்" என்றான். சலவைப் பகுதியில் நின்றுகொண்டிருந்த நான் அப்படியே துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வயதில் என் தோட்டுத் திருகாணியை நீ விழுங்கிவிட்டாய் அல்லவா, இரண்டு நாள் கழித்து அது வெளியே வந்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அதே நிம்மதி. அன்றைக்கும் அழுதேன், நேற்றும் அழுதேன். நேற்று சோப்பு நாற்றம் கண்ணில் ஏறிவிட்டது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"கொஞ்ச நாள் போனை அணைத்து வைக்கிறேன், தேடாதீர்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனால் பெற்றவர்கள் தேடாமல் இருப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது? உன் அப்பா குளிக்கப் போகும்போதுகூட போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒரு பக்கம் கேட்டதற்கு நாற்பது பக்கம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் நல்ல மனிதர், சண்டை போடாமல் போய்விட்டார். இன்று காலை அப்பா பழையபடி செய்தித்தாளைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

பண்ணைக்கு நாளை வண்டி போகிறதாம், கடிதம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்றான் உன் நண்பன். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது என்பதும் ஒரு வகையில் நல்லதுதான். நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கோபம் தணிந்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

முதலில் நல்ல செய்தி. படகுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. நீங்கள் செய்த போன் விளையாட்டில் புதிய அப்டேட் போட்டதும் ஆயிரக்கணக்கானவர்களின் படகு காணாமல் போய், வெறும் கரை மட்டும் நின்றதே, அது அழியவே இல்லையாம். உன் கூட்டாளி சுருட்டை வந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். எங்கள் ஆஸ்பத்திரியில் போன வருஷம் வார்டுகளுக்கு எண் மாற்றினார்கள். அன்றைக்கு ஏழாம் வார்டின் படுக்கை விரிப்பு நூற்றிருபதும் காணோம் என்று ஒரே கூச்சல். எங்கேயும் போகவில்லை, பழைய எண் எழுதின அலமாரியில் மடித்தது மடித்தபடி இருந்தது. புதிதாக வந்தவர்கள் புது அலமாரியில் மட்டும் தேடினார்கள். உங்கள் அப்டேட்டும் அதையேதான் செய்திருக்கிறது. முதல் நாளிலிருந்து விளையாடியவர்களின் படகு மட்டும் பழைய அலமாரியில் இருந்திருக்கிறது. நீங்கள் சோதித்துப் பார்க்கும் போன்களில் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போடுவீர்களாமே, அப்புறம் பழைய அலமாரி எப்படிக் கண்ணில் படும்?

சுருட்டை ஒரே நாளில் சரி செய்து அனுப்பிவிட்டாள். கோபத்தில் விளையாட்டையே அழித்துவிட்டவர்களில் கொஞ்சம் பேருக்குத் திரும்பவில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவளே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். மற்றபடி எல்லாம் சரியாகிவிட்டது.

பழைய அலமாரி எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். அதைச் சொல்வதற்கு முன், கொஞ்சம் இரு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நீ போன ஒன்பதாம் நாள் சுருட்டை வீட்டுக்கு வந்தாள். உன்னிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்கத்தான் வந்தாள். பாவம், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என் பிள்ளை அப்படி எதற்குப் போனான் என்று கேட்டேன். திட்டி எழுதினவர்கள் ஆயிரம் பேர், அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் இருந்தான், ஒரே ஒரு விமர்சனம்தான் அவனை உடைத்துவிட்டது என்றாள். அதை மூவாயிரம் பேர் ஆமோதித்திருந்தார்களாம். படம் எடுத்து எங்கெங்கோ பகிர்ந்து சிரித்திருக்கிறார்கள். நீ அதை அவளிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "இவங்க சொல்றது சரிதான், எனக்கு வேலை தெரியல" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை மூடினாயாம். அவளுக்கு அது மனப்பாடமாகவே ஆகிவிட்டது. எனக்குச் சொல்லிக் காட்டினாள்:

"ஒரே ராத்திரியில் படகு செத்துவிட்டது. இதைச் செய்தவருக்கு வேலை தெரியாது. ஒரு நட்டுகூட ஒழுங்காக முடுக்கத் தெரியாதவர் கையில் இதை யார் கொடுத்தது? உடனே ஆள் அனுப்பவும்."

கீழே ஒரே ஒரு நட்சத்திரம்.

மகனே, அதை எழுதியது நான்தான்.

படித்துவிட்டாயா? இன்னொரு தடவை வேண்டுமானாலும் படி. நான் ஓடிவிடவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.

எங்கள் சலவைப் பகுதியில் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு என்று உனக்குத் தெரியும். சிவப்பு அட்டை போட்டது. இருபத்தாறு வருஷமாக அதில் எழுதுகிறேன். ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் எழுதினேன். "உலர்த்தும் இயந்திரத்தில் சிறிது சத்தம் வருகிறது, ஓய்வு கிடைக்கும்போது பார்க்கவும்" என்று. மெக்கானிக்குக்கு நாற்பது நாள் ஓய்வு கிடைக்கவே இல்லை. பிறகு, "இயந்திரம் செத்துவிட்டது, இதைப் பொருத்தியவருக்கு வேலை தெரியாது, உடனே ஆள் அனுப்பவும்" என்று எழுதினேன். டீ ஆறுவதற்குள் ஸ்பேனரோடு வந்து நின்றான். கோபமே இல்லை அவனுக்கு. "அக்கா, இந்தத் தடவை என்ன செத்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு நான் அப்படித்தான் எழுதுவேன், அவனும் அப்படித்தான் வருவான். அது எங்களுக்குள் ஒரு மரியாதை மாதிரி.

நட்சத்திரக் கதையையும் கேள். புகார்ப் புத்தகத்தில் ஓரத்தில் எண் போட வேண்டும். ஐந்து என்றால் மெதுவாக வரலாம். ஒன்று என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், அவசர எண் ஒன்று. உன் விளையாட்டின் கீழே ஐந்து நட்சத்திரம் வரிசையாக நின்றதும் நான் யோசிக்கவே இல்லை. முதலாவதை அழுத்திவிட்டேன். அது மார்க் என்று எனக்கு யார் சொன்னது? சுருட்டை சொன்னபோதுதான் தெரியும். அவள் முதலில் என்னை வாய் பிளந்து பார்த்தாள். பிறகு மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மூவாயிரம் பேர் ஆமோதித்திருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். அத்தனை பேர் சொன்னால் ஆள் சீக்கிரம் வருவான் என்று நினைத்தேன். புகார்ப் புத்தகத்தை மெக்கானிக் ஒருவன்தான் படிப்பான். இங்கே எழுதினால் ஊரே கூடி நின்று கை தட்டுகிறது, அந்தச் சத்தத்தில் மெக்கானிக் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் பகுதியிலும் இப்போது ஒரு திரை வைத்திருக்கிறார்கள். மூட்டை எண்ணிக்கையைப் பதிந்ததும், இந்த மென்பொருள் திருப்தியா என்று கேட்டு ஐந்து முகம் காட்டும். தினமும் சிவப்பு முகத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். இந்த வாரம் குத்தவில்லை. அந்தப் பக்கம் யார் பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ.

அம்மா எப்போதிருந்து விளையாடுகிறாள் என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். முதல் நாளிலிருந்து. நீங்கள் வெளியிட்ட அன்றைக்கே சத்தமில்லாமல் போனில் ஏற்றிவிட்டேன். "கேம் செய்யறதெல்லாம் ஒரு வேலையா" என்று உன்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன். உன் சித்தி கேட்டால்கூட, கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான் என்று பேச்சை மாற்றிவிடுவேன். அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்கலாம், பத்து நிமிஷத்தில் அழித்துவிடலாம் என்றுதான் திறந்தேன். படகு ஓட்டிக்கொண்டு ஆட்களை அக்கரையில் இறக்குவது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பதினான்காம் நாள் ஓர் அம்மாள் வந்து படகில் ஏறினாள். கையில் வெள்ளை மூட்டை. ஏறியதிலிருந்து குறை. பலகை ஈரம், மோட்டார் சத்தம், ஆறே சரியில்லை. இறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "பார்த்துப் போ, அவசரம் இல்ல" என்கிறாள். நீ கிளம்பும்போதெல்லாம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொல்வது. இஸ்திரி அறையின் மூலையில், விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் தினமும் அவளைக் கரை சேர்த்தேன். அவளும் படகும் ஒரே நாளில் காணாமல் போனால் எனக்குக் கோபம் வராதா? ஆள் வேண்டும் என்று எழுதினேன். ஆள் நீதான் என்பதை அந்த நேரத்தில் நான் மறந்துவிட்டேன். இதைவிட வேறு சமாதானம் என்னிடம் இல்லை. என்னை மன்னித்துவிடு.

மற்றவர்களைப் போல நான் அழித்துவிட்டுத் திரும்பப் போடவில்லை. காணாமல் போன விரிப்பின் சீட்டைக்கூட நாங்கள் கிழிக்க மாட்டோம், எப்போதாவது விரிப்பு வரும் என்று மாட்டி வைப்போம். அந்தப் பழக்கத்தில் வெறும் கரையை அப்படியே வைத்திருந்தேன். சுருட்டை என் போனை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அரை மணி நேரம் எதையோ தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கத்து கத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என் படகு உள்ளே பத்திரமாக இருந்தது. மறுநாள் மாலை கரையில் அந்த அம்மாள் மூட்டையோடு நின்று, இவ்வளவு நேரமா என்று திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான்.

அப்பாவிடம் நேற்று உன் நண்பன் பேசி வைத்த பிறகுதான் சொன்னேன். முதலில் முறைத்தார். அப்புறம், உடனே ஆள் அனுப்பவும் என்றா எழுதினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது, முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

இன்று சித்திக்குப் போன் செய்தேன். என் பையன் வீடியோ கேம் செய்கிறான், நல்லாச் செய்கிறான் என்று சொன்னேன். அதற்கென்ன இப்போ என்றாள். ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லிவிட்டேன்.

அந்த விமர்சனத்தை எடுத்துவிடலாமா என்று சுருட்டை கேட்டாள். வேண்டாம் என்றேன். புகார்ப் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிப்பது பெரிய தப்பு. வேலை முடிந்ததும், அதே பக்கத்தில் கீழே, வந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு புகார் தீர்ந்தது. இதிலும் கீழே தயாரித்தவர் பதில் எழுத ஓர் இடம் உண்டாமே, அவள் காட்டினாள். தானே போட்டுவிடவா என்று கேட்டாள். அது அவளுடைய கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, வேண்டிய மட்டும் தூங்கி எழுந்து, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. நீ எந்த வேலை செய்தாலும் நன்றாக இருப்பாய். பார்த்து வா, அவசரம் இல்லை என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன்.

அவசரம் இருக்கிறது. எண் ஒன்று.

உன்,
அம்மா