தோற்ற நண்டுக்கு ஊசி

மார்ச் 3, திங்கள்
ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் இன்று இரண்டு நண்டுகள் மோதின. தோற்றது கல்லிடுக்கில் போய் ஒடுங்கிக்கொண்டது. அதைத் தனியே எடுத்து, ஊசி போட்டு, ஜெயித்ததோடு மறுபடியும் விட வேண்டும். ஊசியில் செரோடோனின் இருக்கலாம், வெறும் உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியக் கூடாது; தெரிந்தால் என் கண் தனக்குப் பிடித்ததைத்தான் பார்க்கும். அதனால் சீட்டுக் குலுக்கி ஊசி போடுவது என் வீட்டுக்காரர் வேலை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூடத்தில் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

மார்ச் 6
ஊருக்கெல்லாம் செரோடோனின் என்றால் மகிழ்ச்சி மருந்து. நம் உடம்பில் அதன் பெரும்பங்கு குடலில் இருக்கிறது என்றால் பாதிப்பேர் நம்புவதில்லை. நண்டுக்கோ அது முறுக்கு மருந்து. உடம்பைத் தூக்கி, கொடுக்கை விரித்து, 'வாடா பார்க்கலாம்' என்று நிற்கும். நிற்க வேண்டும். போன வருடம் நிற்கவே இல்லை. இந்த முறையும் காலை வாரினால் முனைவர் பட்டத்தை மறந்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

மார்ச் 14
நின்றன! சீட்டுகளைப் பிரித்தோம். மருந்து போட்டவை அத்தனையும் நின்றிருக்கின்றன. உப்புத் தண்ணீர் போட்டவை அத்தனையும் ஓடியிருக்கின்றன. துறைத்தலைவி கை குலுக்கினார். மாநாட்டில் நானே பேச வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் இவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நான்தான் சொன்னேனே, உன்னால முடியும்னு" என்றார்.

மார்ச் 17
இவருக்குக் காய்ச்சல். ஊசி மேசையை ஒழுங்குபடுத்த நானே போனேன். வழக்கமாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். செரோடோனின் புட்டி ஜன்னலோரம் கிடந்தது, சுற்றிவைத்த வெள்ளித்தாள் இல்லாமல். உள்ளே ஆறிப்போன டீ மாதிரி பழுப்புத் தண்ணீர். வெளிச்சம் பட்டால் அது கெட்டுவிடும் என்று நேற்றுச் சேர்ந்த மாணவிக்கும் தெரியும். ஒரே நாளில் இவ்வளவு கறுக்காது. ஆரம்பத்திலிருந்து இதே புட்டிதான்.

கெட்டுப்போன மருந்துக்கு என் நண்டுகள் எப்படி நிமிர்ந்தன?

மார்ச் 18
கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொல்லிவிட்டார். சீட்டே குலுக்கவில்லையாம். முதல் சண்டையில் விடாப்பிடியாக மோதித் தோற்றதற்கு மருந்து. தொட்டதுமே ஓடியதற்கு உப்புத் தண்ணீர். முரடு எப்படியும் நிற்கும், பயந்தாங்கொள்ளி எப்படியும் ஓடும்.

"நீ தினம் அழுதிட்டிருந்த. என்னால பாக்க முடியல. உனக்காகத்தான் பண்ணேன்."

"நான் கேட்டேனா?"

"யாருக்குத் தெரியப்போவுது? விடு."

எனக்கே தெரியாமல் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார். முட்டாள் மாதிரி திரைக்குப் பின்னால மூச்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேனே! உன்னால முடியும்னு சொன்னாரே — என்னால முடியாதுன்னு நெனச்சுத்தானே இதைப் பண்ணாரு? எந்த மூஞ்சியோட சொன்னாரு? பாவி, பாவி.

மார்ச் 19
துறைத்தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், யார் செய்தது என்பது உட்பட. மாநாட்டிலிருந்து என் பேச்சை எடுத்தாகிவிட்டது. மறுபடி செய்துபார்க்கலாமாம். இதுதான் கடைசி வாய்ப்பு.

மார்ச் 20
"கட்டின புருஷனையே காட்டிக் குடுத்துட்டியே" என்றார். காட்டிக் கொடுத்தது நானா? பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 2
புதுக் கரைசல், கறுப்புப் புட்டி. எதிர் அறையில் மீன்களோடு மல்லுக்கட்டும் நண்பர் ஊசி போடுகிறார். சீட்டைத் துறைத்தலைவி முன்னால் குலுக்கச் சொன்னேன். "என்னையுமா சந்தேகப்படறீங்க?" என்று நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 11
இன்று எல்லாம் ஓடின. தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 23
சீட்டுகளைப் பிரித்தோம். மருந்து போட்டவற்றிலும் சில ஓடியிருக்கின்றன. ஆனால் நின்றவைதான் அதிகம். உப்புத் தண்ணீர் போட்டவற்றில் நின்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். உண்மையாகவே நிற்கின்றன. பொய்யே தேவைப்பட்டிருக்காது. அவர் என்னைக் கொஞ்சம் நம்பியிருந்தால் போதும்.

சாயங்காலம் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாத்தியா, கடைசில அதேதான வந்துச்சு? அப்ப நான் என்ன தப்பு பண்ணேன்? வீட்டுக்கு வா."

சந்தோஷமாகத்தான் கேட்டார். போனை வைத்துவிட்டு அக்காவிடம் போய், பின்னறையில் இருக்கும் தையல் மெஷினை வேறு எங்காவது மாற்ற முடியுமா, என் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டேன்.